ரப்பர் தூள்

முதல் பரிசு அறிவித்த மறுநாளிலிருந்து சென்னியப்பன் ஏழாம் வகுப்பு ஆ பிரிவில் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது நாற்பத்து நான்கு. வருகைப் பதிவேட்டில் முப்பத்தொன்றாம் எண். அது அவருடைய மகள் மிருதுளாவின் எண். அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு மேலே இவர் பெயரை எழுதியிருந்தார்கள்.

மிருதுளா அவருடைய வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது.

இதில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. எல்லாம் நோட்டீஸிலேயே போட்டிருந்தது. ஊழல் ஒழிப்பு விழிப்புணர்வு ஓவியப் போட்டி, பள்ளி மாணவர்களுக்கு மட்டும், தலைப்பு 'என் ஊரில் ஊழல்'. அதன் அடியில் பொடி எழுத்தில் பதினோராவது விதி: படத்தை வரைந்தவர் ஏழாம் வகுப்பு மாணவர் ஆவார். சென்னியப்பன் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். படித்துவிட்டுத்தான் வரைந்தார். என்ன மனுஷனோ.

அந்த ஊரில் அது ஒரு வழக்கம், அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. ஓவியப் போட்டி என்றால் அப்பா வரைவார். கட்டுரை என்றால் அம்மா எழுதுவாள். அறிவியல் கண்காட்சிக்கு எரிமலை செய்வது தாய்மாமன். பிள்ளைகள் பெயர் எழுதுவார்கள், மேடையேறிக் கோப்பையை வாங்குவார்கள், போட்டோவில் சிரிப்பார்கள். பெரியவர்களைக் கேட்டால், லேசாகக் கை வைத்தேன் என்பார்கள். சென்னியப்பனும் அதையேதான் சொன்னார்.

பரிசுக் கமிட்டியிலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்தபோது சொன்னது அது. படம் அருமை, கோடெல்லாம் நூல் பிடித்த மாதிரி இருக்கிறது, யார் வரைந்தது என்று கேட்டார்கள். பாப்பாதான், நான் லேசாகக் கை வைத்தேன் என்றார். எந்தக் கை என்று கேட்டார்கள். வலது கை என்றார். குறித்துக்கொண்டார்கள். திட்டவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. மனைவி பூங்கொடி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே சீருடை இருந்தது. அளவெடுக்காமல் தைத்தது. அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

பெற்றோர் கையொப்பம் என்று ஒரு கட்டம் இருந்தது. இப்போது அவருடைய இடத்தில் இருந்தவள் மிருதுளா. அவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு அப்பாவின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஒன்பது மணி பஸ்ஸுக்குப் போனாள்.

சென்னியப்பன் ஒரு இன்ஜினியரிடம் வீட்டு பிளான் வரைகிறவர். இருபது வருஷமாக அதே நாற்காலி, அதே மேசை. கோடு என்றால் அவருக்கு உயிர். ஒரு கோடு ஒரு நூல் அளவு கோணினாலும் அவருக்குச் சோறு இறங்காது. இந்தக் கிறுக்குதான் அவரைக் கவிழ்த்தது.

நடந்தது இவ்வளவுதான். போட்டிக்கு ஆளுக்கு ஒரே ஒரு தாள். மூலையில் முத்திரை குத்தியிருக்கும். கிழிந்தாலும் கசங்கினாலும் வேறு தாள் கிடையாது. மிருதுளா மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து பென்சிலில் வரைந்தாள். நான்காம் நாள் அப்பாவிடம் கொண்டுவந்து காட்டினாள்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா இதுல ஊழல் எங்கிருக்குது?" என்றார் சென்னியப்பன்.

அவள் சொல்ல வாயைத் திறந்தாள். அவர் அதற்குள் ரப்பரை எடுத்துவிட்டார்.

முழுத்தாளையும் அழிக்க அரை மணி நேரம் பிடித்தது. அவள் அழுத்தி வரைந்திருந்தாள். அழிக்கும்போது தாள் நகர்ந்துகொண்டே இருந்தது. நகராமல் இருக்க மிருதுளா தன் இரண்டு உள்ளங்கைகளாலும் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் பிடிக்கச் சொல்லவில்லை. அவளாகப் பிடித்தாள். அந்தக் கைகளைத்தான் இப்போது அவரால் மறக்க முடியவில்லை.

அழித்த தாளில் சென்னியப்பன் ஸ்கேல் வைத்து வரைந்தார். ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் தொப்பை போட்ட ஒரு அதிகாரி. மேசைக்குக் கீழே நீண்டிருக்கும் கை. மேலே ஒரு தராசு. ஓரத்தில் ஒரு பாம்பு. பாம்பு எதற்கு என்று அவருக்கே தெரியாது. இந்த மாதிரிப் படம் என்றால் ஒரு பாம்பு இருக்கும், அதனால் போட்டார். மேசைக்குப் பழுப்பு வண்ணம் அடிக்க மட்டும் மகளை விட்டார். அவளும் கோட்டைத் தாண்டாமல் அடித்தாள்.

ஏழாம் வகுப்பு ஒன்றும் மோசமில்லை. டீச்சர் முப்பத்தொண்ணு என்பார். சென்னியப்பன் எழுந்து உள்ளேன் அம்மா என்பார். பெஞ்சு குட்டை, முழங்கால் இடிக்கும். பக்கத்துப் பையன்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை. வகுப்பில் இவரைப்போல் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். பின்னல் போட்டு ரிப்பன் கட்டிய ஒரு அம்மாவும் இருந்தார். அவர் கட்டுரைப் போட்டி.

வீட்டில்தான் அவருக்குத் தாங்கவில்லை. பூங்கொடி சாயங்காலம் பாலை ஆற்றி அவரிடம் கொடுத்தாள், டீயை மகளிடம் கொடுத்தாள். இதைப் பற்றி அவளிடம் பேச முடியவில்லை. பாலைக் குடிச்சுட்டுப் பேசுங்க என்பாள். குடித்து முடித்ததும் பேச வந்தது மறந்துபோகும்.

மிருதுளா முதல் வாரம் பஸ்ஸுக்கு ஓடினாள். தெருமுனைச் சாக்கடையை எப்போதும்போல ஒரே தாவாகத் தாவினாள். இரண்டாம் வாரம் நடந்தாள். மூன்றாம் வாரம் சாக்கடையைச் சுற்றிக்கொண்டு பலகை போட்ட இடத்தில் கடந்தாள். ஒருநாள் குனிந்து செருப்பு வாரை மாட்டும்போது அவள் காதோரம் ஒரு நரைமுடி தெரிந்தது. சென்னியப்பன் புத்தகப் பையைத் தோளில் போட்டபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வேலையில் அவளுக்கு நல்ல பெயர். முதலில் அவள் வரைந்த வீடுகளில் எல்லாச் சுவரிலும் ஜன்னல் இருந்தது. அரிசி மூட்டை போடும் அறைக்குக்கூட இரண்டு ஜன்னல். வீடு கட்டுகிறவர்கள் சந்தோஷப்பட்டார்கள். சென்னியப்பனைவிட இந்தப் பிள்ளை தேவலை என்று இன்ஜினியர் சொன்னதாகக் கேள்வி. அதில் அவருக்குப் பெருமைதான். ஆனால் ஒரு மாதத்தில் ஜன்னல்கள் குறைய ஆரம்பித்தன. அவள் வீட்டு மேசையில் விரித்து வைத்திருக்கும் பிளானை அவர் தினம் எட்டிப் பார்ப்பார். ஐந்து, நாலு, மூன்று. போன திங்கட்கிழமை பிளானில் ஒரே ஜன்னல் இருந்தது. சென்னியப்பன் இருபது வருஷமாக வைத்துவந்த அதே இடத்தில் இருந்தது. 

வெள்ளிக்கிழமை முழு ஆண்டுத் தேர்வு முடிவு. முடிவு ஒட்டிவிட்டால் அவர் எட்டாம் வகுப்பு. அவள் பணி நிரந்தரம். அதற்கு முன்னால் மாற்றிக்கொள்ள வேண்டுமானால் போட்டி அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம் என்று ரிப்பன் கட்டிய அம்மா சொன்னார். நீங்கள் கொடுக்கவில்லையா என்று கேட்டார் சென்னியப்பன். அந்த அம்மா ரிப்பனைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புதன்கிழமை மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் அவர் வகுப்புத் தலைவியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பினார். தலைவி கறார். இரண்டு மணிக்குள்ளே வரோணும் என்று சொல்லித்தான் விட்டாள்.

அலுவலக வாசலில் பாம்பு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தது. மரியாதையான பாம்பு. அவருக்கு முன்னால் வந்த பெரியவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தது. அசல் படம் கொண்டுவந்தீர்களா என்று சென்னியப்பனைக் கேட்டது. இல்லை என்றார். அசல் இல்லாதவர்களுக்கு நடை கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றது.

சொன்னபடியே நடை நீண்டது. அவர் நடக்க நடக்கக் கடைசிக் கதவு பின்னால் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் பரிசு பெற்ற படங்கள் மாட்டியிருந்தன. எல்லாப் படத்திலும் மேசை. எல்லாப் படத்திலும் மேசைக்குக் கீழே கை. அடியில் பிள்ளைகளின் பெயர், பிள்ளைகளின் கோணல் எழுத்தில். கோடுகளைப் பார்த்தே அவருக்கு ஆள் புரிந்தது. இது கொத்தனார் கை. இது தையல்காரர் கை. இது யாரோ பேங்க்கில் வேலை பார்க்கிறவர், எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக வரைந்திருந்தார். ஒரு பிள்ளையின் கையைக்கூட அவரால் அந்தச் சுவரில் கண்டுபிடிக்க முடியவில்லை.

நடுவில் ஒரு பெஞ்சு. அதில் சீருடை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார் சென்னியப்பன். பெஞ்சில் இருந்தவர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, அவைத்தலைவர் அவர்களே, நடுவர்களே என்று ஆரம்பித்து, ஊழல் என்னும் கொடிய நோயைப் பற்றி மூன்று நிமிடம் பேசினார். பேச்சுப் போட்டி. மகனுக்கு எழுதிக் கொடுத்தது போக அவரிடம் வேறு பேச்சு மிச்சமில்லை. முடித்ததும் உட்கார்ந்துகொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. சென்னியப்பன் கைதட்டினார், வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

கதவு வந்தது. உள்ளே மேசை இருந்தது. பழுப்பு வண்ணம், கோட்டைத் தாண்டாமல் அடித்தது. பின்னால் தொப்பை போட்ட அதிகாரி. அவரை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று யோசிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மேலே தராசு தொங்கியது. மேசைக்குக் கீழே அவருடைய வலது கை நீண்டிருந்தது.

"வாங்க. உங்களத்தான் பாக்கோணும்னு இருந்தேன்" என்றார் அதிகாரி. "ஆறு விரல் போட்டுட்டீங்க."

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். ஆறுதான். அவசரத்தில் எண்ணாமல் விட்டிருக்கிறார். மன்னிச்சுக்குங்க என்றார்.

பரவாயில்லை என்றார் அதிகாரி. விரல்கூடப் பழகிவிட்டது, இந்தக் கையை மடக்கத்தான் முடியவில்லை, நீட்டினபடியே வரைந்துவிட்டீர்கள் என்றார். இருபத்தாறு பேர் வேலை செய்யும் இந்த அலுவலகத்தில் தான் யாரிடமும் ஒன்றும் கேட்டதில்லை, வருகிறவர்கள் கையைப் பார்த்துவிட்டு எதையாவது வைத்துவிட்டுப் போகிறார்கள், மாங்காய், வேட்டி, ஒருவர் முயல் குட்டி வைத்தார், எல்லாவற்றையும் இடது கையால் எடுத்துத் திருப்பிக் கொடுத்தே பொழுது போய்விடுகிறது என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சென்னியப்பனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சென்னியப்பன் மனுவை மேசைமேல் வைத்தார். மகள் மறுபடி ஏழாம் வகுப்புக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் என்றார். தனக்கு எந்த வகுப்பானாலும் சரி என்றார்.

அசல் படம் வேண்டும் என்றார் அதிகாரி.

அழித்துவிட்டேன் என்றார் சென்னியப்பன்.

அழித்த ரப்பர் தூள் இருந்தாலும் போதும் என்றார் அதிகாரி. அலமாரியைத் திறந்தார். அதில் சின்னச் சின்னப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. மாவட்டத்தில் எந்த வீட்டில் எந்தப் படத்தை அழித்தாலும் தூள் இங்கேதான் வந்து சேரும், பெருக்கித் தள்ளினாலும் வந்துவிடும் என்றார். இடது கையால் தேடி ஒரு பொட்டலத்தை எடுத்தார். மேலே 'மிருதுளா, 7 ஆ' என்று எழுதியிருந்தது. பிரித்து மேசையில் கொட்டினார். சாம்பல் நிறத்தில், சுருள் சுருளாக, ஒரு கைப்பிடி. அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று சென்னியப்பன் நினைக்கவில்லை.

முறை சுலபமானது. படத்தில் என்ன இருந்தது என்று படிவத்தில் ஒரு வரி எழுத வேண்டும். சரியாக எழுதினால் தூள் தானாகத் தாளில் போய் ஒட்டிக்கொள்ளும். படம் திரும்ப வந்துவிடும். பிள்ளையும் திரும்ப வந்துவிடுவாள்.

சென்னியப்பன் பேனாவைத் திறந்தார். அது பரிசாகக் கொடுத்த பேனா.

அழிக்கும்போது பார்த்ததுதானே, எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தார். ஒரு நீளமான கோடு இருந்தது. இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை போனது. கோணலாகப் போனது, அது அவருக்கு நன்றாக நினைவிருந்தது, அந்தக் கோணல்தான் அவர் கண்ணை உறுத்தியது. ஆறு என்று எழுதினார். தூள் அசையவில்லை. அடித்துவிட்டு ரோடு என்று எழுதினார். அசையவில்லை. வரிசையில் நிற்கும் ஜனங்கள் என்று எழுதினார். அதிகாரி தூளை உற்றுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஓரத்தில் சின்னதாக ஒன்று இருந்தது. ஆளா, ஆட்டுக்குட்டியா, செருப்பா என்று அவரால் சொல்ல முடியவில்லை. முதலில் அழித்தது அதைத்தான்.

மணி ஒன்றே முக்கால். சென்னியப்பன் என்ன செய்தார் தெரியுமா? குனிந்து, மேசைக்குக் கீழே, அந்தக் கையில் பேனாவை வைத்தார். வேண்டுமென்று செய்யவில்லை. கை நீண்டிருந்தது, வைத்துவிட்டார்.

அதிகாரி குனிந்து பேனாவைப் பார்த்தார்.

"எடுத்துக்குங்க" என்றார். "உங்களுக்குமா என்னையத் தெரியல?"

சென்னியப்பன் பேனாவை எடுத்துக்கொண்டார். அவமானத்தில் காது சுட்டது. வரைந்தவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வரலாம், அதற்குத் தடை ஒன்றும் இல்லை, வெள்ளிக்கிழமை காலை வரை நேரம் இருக்கிறது என்று அதிகாரி சொன்னார். தூளைத் திரும்பப் பொட்டலம் கட்டி, படிவத்தையும் கூட வைத்து, முத்திரை குத்திய வெள்ளைத் தாள் ஒன்றையும் சுருட்டிக் கொடுத்தார். வெளியே போகும்போது நடை குட்டையாக இருந்தது. பாம்பு வணக்கம் சொன்னது.

இவ்வளவு லேசான வழி இருக்கும்போது நாம் ஏன் இப்படி அலைந்தோம் என்று மத்தியானம் முழுவதும் வகுப்பில் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புவியியலில் இரண்டு கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மிருதுளா வந்தாள். பையை ஆணியில் மாட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். காதோரம் இப்போது நரை ஒரு கொத்தாக இருந்தது. பூங்கொடி டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை சென்னியப்பன் காத்திருந்தார். பிறகு மேசையில் வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் தூளைக் கொட்டி, பக்கத்தில் படிவத்தை வைத்தார்.

"கண்ணு, அன்னிக்கு நீ என்ன வரஞ்ச?"

மிருதுளா தூளைப் பார்த்தாள். நிஜமாகவே யோசித்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியும், அவள் எதையும் மறைக்கவில்லை, பழிவாங்கவும் இல்லை.

"ஏதோ வரஞ்சேன்" என்றாள். "மறந்துருச்சு."

நீளமாக ஒரு கோடு இருந்தது என்று எடுத்துக் கொடுத்தார். இருந்ததா என்று கேட்டாள். ஓரத்தில் சின்னதாக ஒன்று இருந்தது, மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தாய், அழுத்தி அழுத்தி வரைந்தாய், அழிக்கவே முடியவில்லை என்றார். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள், வேறு யார் வீட்டுப் பிள்ளையைப் பற்றியோ கேட்கிறவள் மாதிரி.  உள்ளே பூங்கொடி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

மிருதுளா ஒரு சுருளை விரலில் ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

இருந்தது என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அன்றைக்கும் அதைத்தான் சொன்னார், நல்லாத்தான் இருக்குது என்று, பார்க்காமலே சொன்னார். அவர் பார்த்தது ஒரு கோணல் கோட்டை. அதைத் தவிர அந்தத் தாளில் இருந்த எதையும் அவர் பார்த்திருக்கவில்லை. இது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. மூன்று சாயங்காலம் அவள் இதே மேசையில் குனிந்திருந்தாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பக்கத்தில் உட்கார்ந்து இது என்ன கண்ணு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"நான் பாக்கல" என்றார்.

சரி என்றாள் மிருதுளா. அதை எழுதிவிடுங்கள் என்றாள். பேனா மூடியைத் திறந்து அவரிடம் கொடுத்தாள். கடைசியில் பெற்றோர் கையொப்பம் என்று இருக்கிறதே, அதை நான் போட்டுவிடுகிறேன், நாளைக்குச் சீக்கிரம் போக வேண்டும், ஒரு வீட்டுக்கு பிளான் பாக்கி இருக்கிறது என்றாள்.

சென்னியப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தில் இருந்தது என்ன என்ற கேள்விக்கு எதிரே, 'நான்' என்று எழுத ஆரம்பித்தார். பேனாவை அழுத்தினார். படிவம் நகர்ந்தது. மிருதுளா முன்னால் குனிந்து, அது நகராமல் இருக்க, தன் இரண்டு உள்ளங்கைகளாலும் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.